நாலு மணி வரை தொடக்கூடாது

பூசிவிட்டேன். மூன்று விரலையும் சேர்த்து நெற்றியில் மூன்று கோடாக, கண் இமையில் உதிராமல் ஒரு கையை அண்டக் கொடுத்துப் பூசிவிட்டேன், அவன் அசையக்கூட இல்லை, வெளியே வந்து கதவை முன்போலவே ஒரு சாண் திறப்பாக விட்டு உட்கார்ந்தும் ஆயிற்று, இனி நாலு மணி வரை என் வேலை இந்த முருங்கைக்கீரையை உருவுவதும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருப்பதும்தான். மணி ரெண்டேகால். ஆடிக் காற்றில் கதவில் ஒட்டிய தாள் என் தலைக்கு மேலே படபடக்கிறது. அவனே எழுதியது. நாலு மணி வரை தொடாதே, கூப்பிடாதே. ஒட்டின அன்றைக்கே சொல்லிவிட்டான், "எம்மா, எழுதியிருக்கேன்னு கோவிச்சுக்கிடாத, நீ ஞாபகமில்லாம வந்து போர்வையப் போத்திருவே, அதுக்குத்தான்." போர்த்தினால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் நாற்பத்தேழு நாளாகப் போர்த்தவில்லை. இன்றைக்கு நாற்பத்தெட்டு. ஒரு மண்டலம். கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ ஒரு குரு, போனில் வகுப்பு எடுக்கிறார், இவன் காதில் மாட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு மல்லாந்து படுக்கிறான், கையைக் கோர்க்கக் கூடாது, காலைப் பின்னக் கூடாது, ஒருச்சாய்ந்து படுக்கக் கூடாது. அந்தக் குரல் சொல்லச் சொல்ல உடம்பு மரத்துப்போகுமாம், உடம்பை இங்கே போட்டுவிட்டு உள்ளே இருக்கிறது மட்டும் எழுந்து வெளியே போகுமாம், வாசல் வழியாக இல்லை, சுவர் வழியாக, மச்சு வழியாக, எங்கே நினைக்கிறதோ அங்கே. தொப்புளில் இருந்து வெள்ளி நூல் மாதிரி ஒன்று பின்னாலேயே நீண்டு வருமாம். அது இருக்கிற வரைக்கும் பயம் இல்லை, பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். "யாராவது உடம்பத் தொட்டா?" என்று கேட்டேன். "நூல் சிக்கிக்கிடும்மா." "சிக்குனா?" அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான். கடைசி நாள் கட்டாயம் போய்விடுவீர்கள் என்று குரு சொல்லியிருக்கிறாராம், அதனால்தான் இன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. கழுகுமலை முருகன் கோயில் திருநீறு, எங்கள் வாயில் துன்னூறு. துன்னூறு பூசுவது தொடுவதில் சேருமா, சேராது, என் விரல் அவன் மேல் படவில்லை, சாம்பல்தான் பட்டது, விரலுக்கும் நெற்றிக்கும் நடுவில் முருகன் இருந்தான்.

எங்கே போகப் போகிறான் என்று நான் கேட்கவே இல்லை, கேட்காமலேயே தெரியும். அவன் அப்பாவைப் பார்க்கப் போகிறான். அவுக போய் எட்டு மாசம். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், தகவல் கிடைத்து, லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, திருவனந்தபுரத்தில் இறங்கிக் கார் பிடித்து கோவில்பட்டி வந்து சேரும்போது மறுநாள் காலை, காடாத்துக்கு எல்லாரும் கிளம்பி நிற்கிறார்கள். வைத்திருக்க முடியாது என்று முந்தின நாளே எரித்துவிட்டார்கள், உடம்பு அப்படி ஆகிவிட்டது, நான் என்ன செய்ய. மயானத்தில் பால் ஊற்றிச் சட்டியில் அள்ளிக் கொடுத்த சாம்பலை மகன் வாங்கினான். "எம்மா, அப்பா கனமே இல்லியேம்மா" என்று வந்து சொன்னான். அதற்கு அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழவும் இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் சொன்னார்கள், "அழுதுருய்யா, அடைச்சு வைக்கக் கூடாது." அழவில்லை. திரும்பி ஷார்ஜாவுக்கும் போகவில்லை, உறங்கவும் இல்லை, எந்த நேரம் பார்த்தாலும் கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பான், கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, முப்பது வயசுக்கு நாற்பது சொல்லலாம். அவுக மில்லில் வேலை பார்த்தவுக, குறட்டை விட்டால் இந்த வீடே அதிரும், பிள்ளைகள் ரெண்டும் சின்னதில் "மில்லு ஓடுதும்மா, மில்லு ஓடுது" என்று சிரிக்கும், நான்தான் சண்டை போட்டு முன் அறையில் படுக்கச் சொன்னேன். கடைசி நாலு வருஷம் முன் அறையில்தான் படுத்தார்கள். அதை நினைக்கக் கூடாது. கீரை. முருகா. இந்தக் கீரையில் பூச்சி இருக்கிறது, காம்போடு பார்த்து எடுக்க வேண்டும்.

கேட்டில் கோமதியக்கா நிற்கிறாள், பக்கத்து வீடு, கையில் என் சுளகு, போன வாரம் அரிசி புடைக்க வாங்கிப் போனது. "என்ன சம்முகத்தாயி, கதவடியில காவலுக்கு உக்காந்திருக்கே, உள்ள புதையலா?" மெதுவாக மெதுவாக என்று கையைக் காட்டினேன். "பரமு உறங்குதான்க்கா." "பட்டப்பகல்ல உறங்குத வயசா அவனுக்கு? ஒருத்தியப் பாத்துக் கட்டி வை, உறக்கமெல்லாம் தானாப் பறந்துரும்." அவளே சொல்லி அவளே சிரித்து, சுளகை வாசற்படியில் சாத்தி வைத்துவிட்டுப் போகிறாள். நல்லவள், வாய்தான் கொஞ்சம். திறப்பு வழியாக எட்டிப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. அந்த நிற்கிற நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றியில் மூன்று கோடும் பளிச்சென்று தெரிகிறது, காவல் போட்ட மாதிரி, கட்டுப் போட்ட மாதிரி.

கட்டு. என் கை கீரையிலேயே நின்றுவிட்டது. கட்டு என்று எதற்கு இப்போது வாயில் வந்தது. செண்பகத்துக்கு ஆறு வயசில், மூத்தவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எதையோ கண்டு பயந்து காய்ச்சல் வந்து, கயத்தாறு ரோட்டில் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அவர் துன்னூறை மந்திரித்து நெற்றியில் பூசி, நெஞ்சில் பூசி, என்ன சொன்னார்? "உடம்பக் கட்டிட்டேன் தாயி. இனி வெளிய உள்ள ஒண்ணும் உள்ள வராது." ஒண்ணும் வராது. அன்றைக்கு அதைக் கேட்டு எவ்வளவு நிம்மதியாக பஸ் ஏறினேன், வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், வெளியே உள்ளது ஒன்றும் உள்ளே வராது. இப்போது இவன் வெளியே. உடம்பு இங்கே, இவன் வெளியே, நான் போய்த் துன்னூறைப் பூசி அந்த உடம்பின் வாசலைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். காத்து கருப்பு வரக் கூடாது என்று பூசினேன், ஆனால் துன்னூறுக்கு எது கருப்பு எது என் மகன் என்று தெரியுமா. முருகனுக்குத் தெரியும். முருகனுக்குத் தெரியும், சரி, துன்னூறுக்கு? அது முருகன் கொடுத்ததுதானே. ஆனால் அன்றைக்கு அந்தப் பெரியவர் மந்திரித்தார், நான் மந்திரிக்கவில்லை, நான் சும்மா முருகா என்றேன், முருகா என்பது மந்திரம் இல்லையா, அதைவிடப் பெரிய மந்திரம் இருக்கிறதா. ஐயோ. கூடு விட்டுக் கூடு பாய்கிற சித்தர்கள் கதையில் எல்லாம் யாராவது ஒருத்தர் வந்து தெரியாமல் ஏதாவது செய்துவிடுகிறார்கள். கெட்டவர்களும் இல்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அவர் திரும்பி வந்து பார்த்தால் போட்ட இடத்தில் உடம்பு இருக்காது. இவன் வந்து பார்த்தால் உடம்பு இருக்கும், நெற்றி பூட்டியிருக்கும். அம்மா பூட்டியிருப்பாள்.

போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் செண்பகத்துக்குப் போட்டேன், சாத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். "எட்டி, பூசுன துன்னூற அழிச்சா தப்பா?" "எம்மா, என்னாச்சு, ஏன் ரகசியம் பேசுத?" சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பின்னால் பிள்ளை அழுகிற சத்தம், மிக்ஸி சத்தம். "மூச்சு இருக்கா?" "இருக்கு." "பெறகு என்னத்துக்கும்மா பயப்படுத? அவன் ஒரு கிறுக்கன், நீ அவனுக்கு மேல. உறங்குதவன உறங்க விடு." "நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுதான்டி." "நானுந்தான் நிறுத்தி நிறுத்தி விடுதேன், ஒம்மருமகன் கிட்ட குப்ப கொட்டுனா அப்படித்தான் வரும். வையி, பாலு பொங்குது." வைத்துவிட்டாள். அவளுக்குப் போகிறது வருகிறது எல்லாம் தெரியாது. அவள் எங்கேயும் போனதில்லை. நான் போயிருக்கிறேன்.

யாரிடமும் சொன்னதில்லை, அவுகளிடமும் சொல்லவில்லை. இவன் பிறந்த அன்றைக்கு. ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஓடுகிறார்கள், எனக்குக் கால் சில்லிட்டது, பிறகு கால் இல்லை, பிறகு இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி ஒரே லேசு. பார்த்தால் நான் மேலே இருக்கிறேன். காற்றாடிக்கும் மேலே. காற்றாடி இறக்கையில் மேல் பக்கம் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது, பீரோ உச்சியில் யாரோ வைத்து மறந்த ஒரு கண்ணாடிக் கிளாஸ், அதற்குள் செத்த ஈ, நர்சம்மா வகிட்டில் நாலைந்து நரை. கீழே ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள், பாவமே என்று தோன்றியது, அது நான்தான் என்று தெரிந்தும் யாரோ மாதிரி. வலி இல்லை. பயம் இல்லை. இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது, எனக்கு அங்கே சந்தோஷமாக இருந்தது. வீட்டில் ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கிறாள் என்பதே நினைவில் இல்லை. செண்பகம் என்று ஒரு பெயரே நினைவில் இல்லை. அப்படியே போயிருப்பேன். இவன் அழுதான். காதில் கேட்கவில்லை, மாரில் கேட்டது, ரெண்டு மாரும் சுண்டிக் கட்டிப் பால் இறங்குகிற வலி, அந்த வலி பிடித்து இழுத்தது, வெள்ளி நூலாவது தங்க நூலாவது, எனக்கு அதுதான் நூல், இழுத்து உடம்புக்குள் போட்டது, போட்டதும் மற்ற வலியெல்லாம் சேர்ந்து வந்தது. மூன்றாம் மாசம் கழுகுமலையில் மொட்டை போட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததற்கு நேர்ந்துகொண்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதற்கு இல்லை. மேலே சந்தோஷமாக இருந்ததற்கு. முருகா, பிள்ளையை மறந்தேனே என்று முடியைக் கொடுத்தேன். அதனால்தான் எனக்குத் தெரியும், அங்கே போனவனுக்கு வரத் தோன்றாது. அங்கே லேசாக இருக்கும், இவனுக்கு எட்டு மாசமாக இங்கே எல்லாம் கனம். அங்கே அப்பா வேறு இருப்பார்கள். எனக்கு இவன் அழுதான், இவனுக்கு அழ யார் இருக்கிறார்கள், பெண்டாட்டி இல்லை பிள்ளை இல்லை, நான் ஒருத்தி, என்னைக் கூப்பிடாதே என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறான். அதையும் மீறி ஒரு யோசனை வந்து அவன் திரும்பி வந்தால், நெற்றி கட்டியிருக்கிறது.

துடைத்துவிடலாம். ஈர முந்தானையில் ஒரே துடை. மூன்று முறை எழுந்துவிட்டேன், மூன்று முறையும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். நெற்றியைத் துடைக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவுக பதினாறாம் நாள் அன்றைக்கு என் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தார்கள். நாத்தனார் கட்டைவிரல், வெற்றிலைக் காம்பு வாசம், அவள் அழுதுகொண்டேதான் துடைத்தாள், மெதுவாகத்தான் துடைத்தாள், ஆனாலும் இந்த இடத்தில் தோல் இன்னும் அந்த விரலை மறக்கவில்லை, முகம் கழுவும்போது அந்த இடத்தைச் சுற்றிக் கழுவுகிறேன். அந்தக் கையை நான் என் பிள்ளை நெற்றிக்குக் கொண்டுபோவதா. துடைத்தால் அபசகுனம், துடைக்காவிட்டால் பூட்டு. எது பெரிசு. முருகா நீ சொல்லு. சொல்ல மாட்டாய், நீ என்றைக்குச் சொன்னாய், நிற்பாய், வேலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கோவிச்சுக்கிடாதே. கூட்ஸ் வண்டி ஒன்று போகிறது, எத்தனை பெட்டி என்று எண்ணுகிறேன், ஒற்றைப்படையாக வந்தால் துடைத்துவிடுவது என்று நானாக நினைத்துக்கொண்டு, முப்பத்தேழில் கணக்கு விட்டுப்போனது.

நாலு மணி. உள்ளே அலாரம் அடிக்கிறது. அவன் சொல்லியிருக்கிறான், அலாரம் அடித்தால் வந்துவிடுவேன், நாற்பத்தேழு நாளும் முதல் மணியிலேயே எழுந்து உட்கார்ந்து "இல்லைம்மா, இன்னைக்கும் போகலை" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். இன்றைக்கு அடிக்கிறது. அடிக்கிறது. தானாக நின்றுவிட்டது. எழவில்லை. நாலு அடித்து ஒன்று, ரெண்டு, மூன்று நிமிஷம். கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன், கீரையெல்லாம் மடியில் இருந்து தரையில் கொட்டியது. கட்டிலடியில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். முகம் பாதி திறந்த வாயோடு அன்றைக்கு மேலே இருந்து நான் பார்த்த அந்த முகம் மாதிரி, பாவமே என்று யாரோ மாதிரி. முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தேன். கை போகிறது. கை நிற்கிறது. எய்யா, என்று உதடு மட்டும் அசைத்தேன், சத்தம் இல்லாமல், சத்தம் இல்லாததைக் கூப்பிட்டதாகச் சொல்ல முடியாது. எய்யா, பரமு, அப்பாவப் பாத்துட்டியா, பாத்தாச்சுன்னா வந்துருய்யா. நான் கட்டலய்யா. நான் கும்பிட்டுத்தான் பூசினேன். வந்துரு.

அப்போதுதான் அவன் புரண்டான். குருவாவது வகுப்பாவது, மல்லாந்து கிடந்தவன் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருச்சாய்ந்து, சின்னப் பிள்ளையில் படுப்பானே அப்படி, ஒரு கையைத் தொடை இடுக்கில் வைத்து, முகத்தைத் தலையணையில் போட்டு ஒரு தேய் தேய்த்தான். காதில் மாட்டியிருந்தது கழன்று விழுந்தது. அப்புறம் ஒரு சத்தம். முதலில் எனக்கு அது என்ன என்று தெரியவில்லை, முன் அறையில் இருந்து வருகிற மாதிரி இருந்தது, திரும்பி முன் அறையைப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. இவன்தான். குறட்டை. தொண்டையில் ஏறி, மூக்கில் முட்டி, கடைசியில் ஒரு விசிலோடு இறங்குகிற அந்தக் குறட்டை, அவுக குறட்டை, ஒரு இழை மாறாமல். மில்லு ஓடுது. மில்லு ஓடுது முருகா. வெளியே போன உயிர் குறட்டை விடுமா, குறட்டை விட உள்ளே ஆள் இருக்க வேண்டாமா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு நிற்கவில்லை, ஈர முந்தானை, கன்னமெல்லாம் ஈரம். தலையணை உறையில் துன்னூறு அப்படியே ஒட்டியிருக்கிறது, மூன்று கோடும் ஒரே தீற்றலாக. நெற்றியில் ஒன்றும் இல்லை. துடைத்தது நான் இல்லை, அவனே துடைத்துக்கொண்டான், உறங்குகிறவனுக்கு அபசகுனம் உண்டா. தரையில் அப்படியே உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொண்டேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கீரையைப் பொறுக்கினேன். நாலு வருஷம் வேண்டாம் என்று முன் அறைக்கு அனுப்பிய சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். ஓடுய்யா.

ஐந்தேகாலுக்கு எழுந்து உட்கார்ந்தான், கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, ஒரு கண் மட்டும் திறந்து. "எம்மா, மணி என்ன? அலாரம் அடிக்கலியா?" "அடிச்சுது." "எழுப்பிருக்கலாம்ல?" நான் கதவில் இருந்த தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எட்டு மாசத்தில் முதல் சிரிப்பு. "போகலம்மா. எங்கயும் போகல. அந்தாளு பேசிட்டே இருந்தான், எந்த இடத்துல உறங்குனேன்னே தெரியல." "அப்பா வந்தாகளா?" "கனவு கூட இல்லம்மா. ஒண்ணுமே இல்ல. பசிக்குது." காலையில் வடித்த சோறுதான், மோர் விட்டுப் பிசைந்து, மாங்காய் ஊறுகாயை ஓரத்தில் வைத்து அடுப்படியிலேயே தட்டைக் கொடுத்தேன். மளமளவென்று சாப்பிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்தவள் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன், "நான் ஒருக்கா போயிருக்கேன் பரமு." "எங்க?" சொன்னேன். காற்றாடித் தூசி, கிளாஸ், ஈ, நர்சம்மா நரை, எல்லாம். செண்பகத்தை மறந்ததையும் சொன்னேன். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அங்க எப்படிம்மா இருந்துச்சு? வலிச்சுதா?" எதற்குக் கேட்கிறான் என்று தெரிந்தது, தனக்காகக் கேட்கவில்லை. "வலியே இல்லய்யா. கனமே இல்ல. நல்லா இருந்துச்சு." "அப்பாவுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்?" "அப்படித்தான்யா இருந்திருக்கும்." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டான். "அவ்வளவு நல்லா இருந்தா பெறகு என்னத்துக்கு வந்தே?" "நீ அழுத. பாலுக்கு அழுத." அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான், மென்றான், மெல்லும்போதே தோள் குலுங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, புறங்கையால் துடைக்கிறான், மறுபடி ஒழுகுகிறது. "ஊறுகாய் என்னம்மா இந்த உறைப்பு உறைக்குது" என்கிறான், வாய் கோணி, குரல் உடைந்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாகவே அழுகிறான். "ஆமாய்யா, இந்த வருசம் மொளகா அப்படி" என்றேன். தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். கோமதியக்கா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி என்ன சத்தம் என்று பார்க்கிறாள், ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறான் என்று கையைக் காட்டினேன்.